முருகன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானா? துன்ப காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

தாண்டிக்குடியில் கிருத்திகைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் திருப்புகழ் படிக்கிறோம். படித்து முடித்துக் காப்பி குடிக்கும் நேரத்தில்தான் கேள்விகள் வரும். பாட்டின் பொருளைக் கேட்பவர்கள் குறைவு. மகனுக்கு வேலை போய்விட்டது, மிளகுக் கொடி வாடிவிட்டது, ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்கிறார்கள், இரவில் தூக்கம் இல்லை என்று வருபவர்களே அதிகம். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். கூச்சப்பட்டுக் கேட்காமலே எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

தேவாரமும் பெரிய புராணமும் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். கணவரை இழந்தவள். இந்த இரண்டும்தான் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன்.

அக்கா, நம்பு நம்பு என்கிறீர்கள். நம்புவது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்று மனத்தை இறுக்கி வைத்துக்கொள்வதை நம்பிக்கை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால், கிடைக்காமல் போன அன்றைக்கே அது செத்துவிடும். திருவாசகத்தில், குழைத்த பத்து என்ற பகுதியில், மாணிக்கவாசகர் 'வேண்டத் தக்கது அறிவோய் நீ' என்று ஒரு பாட்டைத் தொடங்குகிறார். எனக்கு எது வேண்டும் என்பது உனக்குத் தெரியும் என்கிறார். அடுத்த அடியெடுப்பிலேயே 'வேண்ட முழுதும் தருவோய் நீ' என்கிறார். அவர் கேட்பதை நிறுத்தவில்லை. எதைக் கொடுப்பது என்ற முடிவை மட்டும் அவனிடம் விட்டுவிடுகிறார். நான் நம்பிக்கை என்று சொல்வது இதைத்தான்.

நாள்தோறும் செய்வதென்றால், காலையில் விளக்கை ஏற்றுங்கள். அன்றைய வேலையைச் செய்யுங்கள். இரவில் நடந்ததை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனம் ஒட்டாமல் போகலாம். ஒட்டாத நாளிலும் விளக்கு எரியட்டும்.

அவனுக்கு அவ்வளவு வல்லமை இருந்தால் ஒரு நொடியில் சரிசெய்துவிடலாமே? ஏன் செய்வதில்லை?

கந்தபுராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும்படி சூரபதுமனுக்கு வரம் கொடுத்தவரே சிவபெருமான்தான். தேவர்கள் சிறையில் கிடந்தார்கள். வேலாயுதம் கையில் இருந்தும் முருகன் முதலில் வீரவாகுவைத் தூதனுப்பினான். கடைசியில் மாமரமாக நின்றவனை வேல் பிளந்தபோதும், அந்த இரண்டு கூறும் மயிலாகவும் சேவலாகவும் அவனிடமே வந்து சேர்ந்தன. வல்லமை என்றவுடன் நமக்கு நொறுக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. எதிரியைத் தன் வாகனமாகவும் கொடியாகவும் ஆக்கிக்கொள்ள அதைவிடப் பெரிய வல்லமை வேண்டும். அதற்குக் காலமும் பிடிக்கும்.

'சிறையில் கிடந்தவர்களின் கதி என்ன?' என்று நீங்கள் கேட்பது சரியே. இந்திரன் மகன் சயந்தன் சிறையில் புலம்பியதைக் கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் தனிப் படலமாகவே பாடியிருக்கிறார். முருகன் அவன் கனவில் வந்து தேற்றினான். விழித்தபோது சிறை அப்படியே இருந்தது. போர் முடிந்த பிறகுதான் விடுதலை. தேற்றுதல் முதலிலும் விடுதலை பின்னாலுமாக வந்த இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. இடைப்பட்ட காலம் கொடியதாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எல்லாம் என் கர்மா என்கிறார்கள். நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?

இதைக் கேட்ட பெண்ணின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளைக்கு உடல்நிலை சரியில்லாத வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பாட்டிலேயே 'கொடுமை பல செய்தன நான் அறியேன்' என்கிறார். 'எல்லாம் என் வினை, பொறுத்துக்கொள்கிறேன்' என்று அவர் தொடங்கவில்லை. நான் அறியேன், விலக்கிவிடு என்று கேட்கிறார். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகச் சொல்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இனிமேல் சேரப்போகும் ஆகாமியம். இவற்றில் நம் கைக்கு எட்டுவது மூன்றாவது ஒன்றுதான். பக்கத்து வீட்டாரின் பிராரத்தக் கணக்கைப் படிக்கும் கண் யாருக்கும் கிடையாது. அதோடு, வினை சடம், அறிவில்லாத பொருள். தானாக வந்து யாரையும் பிடிக்காது, அதைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதும் சித்தாந்தம்தான். ஆகவே வினைக்கு மேலே ஒருவன் இருக்கிறான். உங்களிடம் அந்தச் சொல்லை எறிந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்; அதை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

அவனுக்கே உழைத்தவர்களுக்கும் ஏன் அடி விழுகிறது?

இதற்கு அப்பாவின் வாழையைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விருப்பாச்சி வாழை நின்றது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் வேண்டும். அதில் நீர்ச்சத்து குறைவு. அதனால் பஞ்சாமிர்தம் நீர்த்துப்போகாமல் நாள்பட இருக்கும். 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அப்பா இல்லையே என்று அழுதுவிட்டேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முதல் தாரை அவர் விலைக்குக் கொடுத்ததில்லை. காவடியில் கட்டித் தோளில் சுமந்து மலையிறங்குவார். அப்படிப்பட்டவரின் தோட்டத்தில்தான் முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நோயுள்ள கன்றை நட்டாலும் பரவும். வெட்டிப்போட்டால் போதாது, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். கீழ்ப்பழனி மலை முழுவதும் வாழை அப்படித்தான் போயிற்று. அப்பா ஒரு மாதம் தோண்டினார். நாங்கள் பிள்ளைகள் கூடை தூக்கினோம்.

அந்தத் தைப்பூசத்துக்கு அவர் பழமில்லாத காவடியோடு கிளம்பினார். அம்மா தாங்க முடியாமல், "அவனுக்குக் கொடுத்த பழத்தையே பறித்துக்கொண்டானே, அவனைப் பார்க்கவா போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டாள். அப்பா வாசலில் நின்று, "பழம் கிடைக்காமல் மலையேறி வந்து நிற்பவன்தானே அவன். அவனுக்குத் தெரியும்" என்றார். ஞானப்பழம் அண்ணனுக்குப் போய்விட, கோவணத்தோடு வந்து பழனியில் நின்ற கதையை அதற்கு முன் நூறு முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. அடி ஏன் விழுந்தது என்பதற்கு அப்பாவிடம் விடை இல்லை; என்னிடமும் இல்லை. இழந்தவர்களோடு நிற்கத் தெரிந்த சாமியிடம் போகிறோம் என்பதை மட்டும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறு ஆண்டு அந்தச் சரிவில் மிளகு நட்டார்.

ஊரை ஏமாற்றுகிறவன் நன்றாகத்தான் இருக்கிறான். இது என்ன நியாயம்?

வள்ளுவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. பொறாமைக்காரனின் செழிப்பும் செம்மையானவனின் கேடும் 'நினைக்கப் படும்' என்று 169ஆம் குறளில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அவரே ஆராய வேண்டிய விஷயம் என்று விட்டதை நான் முடித்துவைக்கப் போவதில்லை. அவன் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் உங்கள் தூக்கத்திலிருந்துதான் போகிறது.

எல்லாம் அவன் செயல் என்றால் நான் எதற்கு முயல வேண்டும்?

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைக்கும் வந்தது. சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. அவன் பார்த்துக்கொள்வான் என்று யாரும் வீட்டுக்குள் இருக்கவில்லை. அரிவாளையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு போய் வழி திறந்தார்கள். வெட்டிய கைகளும் அவன் செயல்தான். தெய்வத்தால் ஆகாமல் போனாலும் முயற்சி, உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்று குறள் சொல்வது பக்திக்கு எதிரான பேச்சு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்பிக்கை குறைவு என்கிறார் என் மாமியார். விபூதி போதாதா?

பழனி மலைமேல் யாருடைய சமாதி இருக்கிறது என்று அவரை அன்போடு கேட்டுப்பாருங்கள். போகர் சித்தர், மருந்து அறிந்தவர். மூலவரின் திருமேனியையே அவர் நவபாஷாணத்தால், மருந்தாகச் செய்தார் என்பதுதானே நம் மரபு? மருத்துவத்தை விலக்கும் சாமியாக இருந்தால் அப்படியா வந்து நின்றிருப்பான்?

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது வாரம் இரண்டு முறை மலையிறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தோம். நெற்றியில் நீறும் கையில் பரிசோதனை முடிவுகளுமாகப் போவோம். ஒரு நாளும் இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. அவர் இறந்த பிறகு உறவுக்காரர் ஒருவர், "இத்தனை பாட்டுப் பாடியும் காப்பாற்ற முடியவில்லையே, எங்கோ நம்பிக்கையில் குறை" என்றார். அந்தச் சொல் என்னைக் கோயில் வாசலுக்கு ஆறு மாதம் போகவிடாமல் செய்தது. ஆகவே உங்களிடம் உறுதியாகச் சொல்கிறேன்: நோய் தீராமல் போவது உங்கள் நம்பிக்கையின் அளவைக் காட்டும் தராசு ஆகாது. மருந்தை நிறுத்தாதீர்கள்.

நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், போக முடியவில்லை. அதனால்தான் இந்தக் கஷ்டமா?

இல்லை. நேர்த்திக்கடன் ஒரு வாக்கு; காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். கால் முடியாவிட்டால் அடிவாரத்தில் திருஆவினன்குடியில் நின்று கும்பிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். வட்டி கேட்டு வீட்டு வாசலில் நிற்கும் கடன்காரனாக அவனை நினைக்காதீர்கள். தன்னோடு மோதிய அசுரன் இடும்பனை வீழ்த்திய பிறகு, அவன் மனைவி இடும்பி அழுது கேட்டதற்காக உயிரோடு எழுப்பி, தனக்கே காவலாக வைத்துக்கொண்டவன் அவன். மலையில் ஏறும்போது இடும்பன் சந்நிதியைத் தாண்டித்தான் போகிறோம்.

ஜோசியர் ஏழரைச் சனி என்கிறார். பரிகாரத்துக்கு நாற்பதாயிரம் ஆகுமாம்.

கடன் வாங்கி ஒரு பரிகாரமும் செய்யாதீர்கள். 'நாள் என் செயும், வினைதான் என் செயும்' என்று அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் கேட்டது நமக்காகத்தான். அந்தப் பணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகட்டும்.

பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் வந்து ஜெபம் செய்கிறோம் என்கிறது. வேண்டாம் என்று சொல்லவா?

ஏன் சொல்ல வேண்டும்? உங்களுக்காக ஒருவர் கண்ணை மூடி அழுகிறார். கொடைக்கானல் சலேத் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அப்படியே பூம்பாறை குழந்தை வேலப்பரையும் கும்பிட்டு வருபவர்கள் இந்த மலையில் எத்தனையோ பேர். வரச் சொல்லுங்கள், காப்பி கொடுங்கள்.

கோபமாக வருகிறது அக்கா. சாமியைத் திட்டிவிட்டேன். பாவமா?

சுந்தரரைக் கேளுங்கள். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைத் தவறி இரண்டு கண்ணையும் இழந்தார். தவறு தன்னுடையதுதான் என்று தெரிந்தும் திருவாரூரில் போய், உமக்கே ஆளாக இருப்பவர்கள் துன்பப்பட்டு முகம் வாடி நிற்க, நீர் மட்டும் 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார். நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று சாமியைப் பார்த்தே சொல்கிறார்! பதிகம் முழுவதும் அதே பல்லவிதான். அதை யாரும் நீக்கவில்லை, தேவாரத்துக்குள் வைத்தார்கள். இன்றைக்கும் ஓதுவார்கள் சந்நிதியில் நின்று பாடுகிறார்கள். சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம் இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதுகைத் திருப்பிக்கொண்டு திட்டாமல், முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள்.

துக்க வீட்டில் என்ன சொல்வது? 'அவன் சித்தம், தாங்கிக்கொள்' என்றால் தவறா?

'அவன் சித்தம்' என்பது இழந்தவர் தானே, தன் வாயால், தன் காலத்தில் சொல்ல வேண்டிய சொல். வந்தவர்கள் சொன்னால் அது, மேலே கர்மாவைப் பற்றிச் சொன்னேனே, அதே கல்தான். என் கணவர் காரியத்துக்கு வந்தவர்களில் எனக்கு நினைவிருப்பவர், ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்துக்கொடுத்த ஒரு தோட்டத் தொழிலாளி அம்மாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு எல்லோரும் போய்விடுவார்கள். அப்போது போங்கள்.

எவ்வளவு கும்பிட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. கல்லைப் பார்ப்பது போல இருக்கிறது. அவன் ஏன் ஒளிந்துகொள்கிறான்?

படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று தொழிலைத்தான் நாம் பேசுகிறோம். சைவம் ஐந்து சொல்கிறது. நான்காவது மறைத்தல், ஐந்தாவது அருளல். மறைப்பதும் அவன் செய்கிற வேலை. கூத்தப்பெருமானின் திருவுருவத்தைப் பாருங்கள். தூக்கிய திருவடி அருளல் என்றும் ஊன்றிய திருவடி மறைத்தல் என்றும் உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல் கூறுகிறது. எடுத்த பாதத்தையே எல்லோரும் பார்க்கிறோம். ஊன்றிய பாதத்தின் கீழே இருக்கும் நாள்களும் அவனுடைய அடிக்கீழ்தான்.

கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 1936இல், சைவத்தைத் தழுவிய வெளிநாட்டுப் பெண்மணியான லீலாவதி ராமநாதன் கட்டியது. அங்கே நின்றால் வானம் தெளிந்த நாளில் கீழே பழனி மலை தெரியும். கணவர் போன ஆண்டு மூன்று முறை அங்கே போனேன். மூன்று முறையும் மேகம். மலை இருக்கும் திசை தெரியும் என்பதால் அந்தப் பக்கம் பார்த்தே கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று உள்ளே ஒன்றும் நிகழவில்லை, அமைதியும் வரவில்லை. கும்பிட்டேன், பஸ் ஏறினேன்.

இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், அதுபோல் உன் காலமும் வரும் என்று முன்பு நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030 என்று குறிஞ்சிக்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் துன்பத்துக்கு அப்படி நாள் குறித்துத் தர யாராலும் முடியாது. இன்று இரவைக் கடக்க என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அதைப் பற்றிப் பேசலாம்.

அப்பூதியடிகள் மகன் பாம்பு கடித்து இறந்தான், அப்பர் பாடியதும் எழுந்தான். என் மகன் எழவில்லையே?

இதைக் கேட்ட அம்மாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பல நாள் யோசித்து, பெரிய புராணத்தைத் திரும்பப் படித்தேன்.

அப்பருக்கு அமுது படைக்க வாழை இலை அறுக்கப்போன பிள்ளை அது. எழுந்தது உண்மை என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதே அப்பரின் வரலாற்றைச் சேக்கிழார் தொடங்கும் இடத்தில் எழாத சாவுகள் இருக்கின்றன. தந்தை புகழனார் போகிறார். தாய் மாதினியார் உடன் போகிறார். அக்கா திலகவதிக்குப் பேசி முடித்த கலிப்பகையார் போரில் மாள்கிறார். யாரும் பாடவில்லை, யாரும் எழவில்லை. இரண்டையும் சேக்கிழார் ஒரே நூலில் வைத்திருக்கிறார். எழுந்த வீட்டில் அருள் அதிகம், எழாத வீட்டில் குறைவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எழாத வீட்டிலிருந்த திலகவதியார்தான் பின்னால் தம்பிக்குத் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துப் போகிறார். உங்கள் மகன் ஏன் எழவில்லை என்பதற்கு இது விடை இல்லை, அம்மா. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அந்த வீடும் புராணத்துக்குள் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல நினைத்தேன்.

வாழவே பிடிக்கவில்லை. அவனிடமே போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது.

இதை வெளியே சொன்னது நல்லது. திலகவதியாரும் கலிப்பகையார் இறந்த செய்தி கேட்டு உயிரை விடத்தான் நினைத்தார். தம்பி காலில் விழுந்து, நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்று அழுதான். அந்தச் சிறுவனுக்காக இருந்துவிட்டார். நினைத்ததற்காகச் சேக்கிழார் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் உங்களைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தனியாக இருக்காதீர்கள். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் நான் கூட வருகிறேன். முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடலாம். நள்ளிரவானாலும் வந்து கதவைத் தட்டுங்கள். திண்ணை விளக்கை நான் அணைப்பதில்லை.